மெதுவாக மிதித்தால்

காப்பித் தோட்டத்து ஜீப்பின் முன்பக்கம் பாறையில் மோதி நசுங்கியிருந்தது. அதில் வந்த கந்தம்மாள் என்ற கூலிக்காரி இறந்துபோனாள். ஓட்டிய ஆண்ட்ரூஸ் இடுப்பெலும்பு முறிந்து சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிரேக் பிடிக்கவில்லை, கியரைக் குறைத்தும் நிற்கவில்லை என்றான். குடித்திருந்தான் என்றார் முதலாளி சின்னுசாமி. அன்று மதியம் மூன்று மணிக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக்கைப் பார்த்து எழுதுவதை வைத்துத்தான் ஆண்ட்ரூஸ் ஜெயிலுக்குப் போவானா இல்லையா என்பது தெரியும்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில், மெக்கானிக் ஷாஹுலின் ஷெட்டில் ஜீப் நின்றது. காலையிலேயே ஆண்ட்ரூஸின் மனைவி இன்னாசிமேரி வந்துவிட்டாள்.

"பிரேக் ஆயில் குறையவே இல்லீங்க்கா. சக்கரத்துலயும் ஒழுகல. ஓங்கி மிதிச்சுப் பாத்தேன், கல்லு மாதிரி நிக்குது" என்றான் ஷாஹுல்.

"அப்ப எங்கூட்டுக்காரர் பொய் சொல்றாருங்களா தம்பி?"

"நீங்களே ஏறி மிதிச்சுப் பாருங்க."

அவளுக்கு வண்டி பழக்கமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தூங்குகிற நாயைத் தொடுவதுபோலக் காலை வைத்தாள். பெடல் கொஞ்சம் நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

ஷாஹுலுக்குப் புரிந்துவிட்டது. பெடலை மிதித்தால் சக்கரங்களுக்கு ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. ஓங்கி மிதித்தால் ரப்பர் விரிந்து பிடிக்கும். மெதுவாக அழுத்தினால் ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்கிவிடும். வெளியே ஒரு சொட்டும் வராது. மலையிறங்குகிறவன் மெதுவாகத்தான் அழுத்திக்கொண்டே வருவான்.

"அவரு சொன்னது நெசந்தான்க்கா. மூணு மணிக்கு ஆய்வாளர் முன்னாடி இதே மாதிரி மிதிச்சுக் காட்டுங்க."

அழுதபடியே அவள் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

பிறகு சின்னுசாமி வந்தார். ஷாஹுல் சொன்னதும் பெடலைத் தானும் மெதுவாக அழுத்திப் பார்த்தார். கோபப்படவில்லை.

"போன மாசம் பழைய ரப்பரையே கழுவிப் போடச் சொன்னது நானு. போட்டது ஆரு சாமி?"

ஷாஹுல் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ஒரு பொம்பள செத்திருக்கறா. நாஞ் சொன்னதுக்குச் சாட்சி இல்ல. நீ போட்டதுக்கு பில்லுல உங் கையெழுத்து இருக்குது."

இரண்டரை மணிக்கு இன்னாசிமேரி திரும்பி வந்தபோது ஷாஹுல் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான்.

"இன்னிக்குத்தான் அவரு சிரிச்சாரு தம்பி. கஞ்சி குடிச்சாரு."

"ஏறி உக்காருங்க்கா. நாஞ் சொல்றப்ப மிதிங்க, சொல்றப்ப விடுங்க."

"காட்டறதுக்கு முன்னாடி ஒருக்காப் பழகிக்கவா?"

"ஆமாங்க்கா."

சிலிண்டர் அதே பழைய சிலிண்டர்தான். உள்ளே மட்டும் புது ரப்பர். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தருகே உள்ள திருகாணியைத் திறந்து மூட.

"மிதிங்க. புடிங்க. விடுங்க."

அவள் ஆசையாக மிதித்தாள். ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயில் குமிழிவிட்டு வந்து, பின் குமிழியில்லாமல் வந்தது.

"தம்பி, இப்ப எறங்க மாட்டேங்குதே?"

"மிதிங்க்கா."

மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தார்; சின்னுசாமியும் வந்து நின்றார். ஆய்வாளர் ஓங்கி மிதித்தார். அழுத்திப் பிடித்தும் பார்த்தார். பிரேக் சரியாக உள்ளது என்று எழுதினார்.

"இல்லீங்க சார், மெதுவா மிதிக்கோணும்! தம்பி, சொல்லுங்க!"

ஷாஹுல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சரி, மிதிச்சுக் காட்டும்மா" என்றார் ஆய்வாளர்.

அவள் செருப்பைக் கழற்றினாள். காலை வைத்தாள். பெடல் நின்றது.

"இன்னும் மெதுவா மிதி சாமி" என்றார் சின்னுசாமி, அன்பாக.

அவள் இன்னும் மெதுவாக மிதித்தாள்.