முள்ளுக்கு வைத்த பொட்டு

இசைத்தட்டின் மேல் முள்ளை இறக்கியதும் பாட்டு வரவில்லை. அப்பளம் பொரிகிற சத்தம்தான் வந்தது. விஷ்ணுப்ரியா சட்டென்று முள்ளைத் தூக்கிவிட்டு, குனிந்து கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தாள். நுனி முழுக்கச் சந்தனம். அதன் மேல் குங்குமம். இரண்டும் காய்ந்து இறுகியதில், அரிசி முனை அளவுகூட இல்லாத அந்த முள் இருந்த இடமே தெரியவில்லை.

"அக்கா" என்று கூப்பிட்ட குரலிலேயே ஏதோ தப்பு என்று கன்னியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கழுவிக்கொண்டிருந்த டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

காட்டாங்குளத்தூரில் கல்லூரி வாசலிலிருந்து இரண்டு தெரு தள்ளி விஷ்ணுப்ரியா நடத்துகிற காபிக் கடை அது. மூலையில் இருக்கும் இசைத்தட்டு மெஷினுக்காகத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். காபி சுமார்தான், சொன்னால் கோபித்துக்கொள்வாள். கடை திறப்பது, பூட்டுவது, பால் வாங்குவது, பெருக்கித் துடைப்பது எல்லாம் கன்னியம்மா. சாவியே அவளிடம்தான் இருக்கிறது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே, அந்த மெஷினை மட்டும் தொட வேண்டாம் என்று விஷ்ணுப்ரியா சொல்லியிருந்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள். இருந்தாலும் இரண்டு வருஷமாக அது கன்னியம்மாவின் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. கடை முழுக்கப் பளபளவென்று இருக்கும், அந்த மெஷின் மூடியில் மட்டும் தூசி. பார்க்கிறவர்கள் கன்னியம்மாவைத்தானே சோம்பேறி என்று நினைப்பார்கள்?

முந்தாநாள் ஆயுத பூஜை அன்று விஷ்ணுப்ரியா ஊரில் இல்லை, இன்றைக்குத்தான் திரும்பியிருந்தாள். போனில், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிடுங்கள் அக்கா என்றாள். எல்லாவற்றுக்கும்! கன்னியம்மா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காபி மெஷின், மிக்ஸி, கத்தி, கதவுப் பூட்டு என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இதன் மூடியையும் திறந்தாள். வேறு யாராவதாக இருந்தால் பெட்டி மேல் ஒரு மூலையில் அப்பிவிட்டுப் போயிருப்பார்கள். கன்னியம்மா அப்படிப்பட்ட ஆள் இல்லை. கத்திக்குக் கைப்பிடியிலா வைக்கிறோம், வெட்டுகிற இடத்தில்தானே? இங்கே வேலை செய்கிறது இந்தத் துளியூண்டு முள்தானே? மோதிர விரலால் பக்குவமாகச் சந்தனத்தைத் தொட்டு, முள் நுனியில் பக்தியோடு வைத்தாள். சரியான இடத்தில் வைத்தோம் என்று அன்று முழுக்க ஒரே பூரிப்பு வேறு.

இன்றைக்கு ஐந்து மணிக்கு நாற்பது பேர் வருகிறார்கள், முதல் முறையாக, பாட்டுக் கேட்பதற்கென்றே. ஏற்பாடு செய்தவள் சுப்ரஜா என்ற கல்லூரிப் பெண். அவள் நாற்காலிகளை நகர்த்துவதை நிறுத்திவிட்டு நகத்தைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள். மணி இரண்டு. மாற்று முள் கிடையாது. அஸ்தினாபுரத்தில் இந்த மாதிரி மெஷின் பார்க்கிற சாலமன் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டவர், முள்ளே தெரியவில்லையா என்று இரண்டு தரம் கேட்டார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும், தட்டு சுற்றக் கூடாது. பஞ்சு கூடவே கூடாது, இழை மாட்டினால் முள்ளையே பிடுங்கிவிடும். நகம் வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால், ஒரே திசையில். பக்கவாட்டில் ஒரு தரம் இழுத்தாலும் முள்ளைத் தாங்குகிற கம்பி போச்சு.

சுப்ரஜாவின் பையில் புத்தம்புது ஓவியப் பிரஷ் ஒன்று இருந்தது. விஷ்ணுப்ரியா அதை வாங்கி முள்ளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இரண்டு தரம் நெருங்கி, இரண்டு தரமும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள்.

"தொட வேணாம்னு சொல்லியிருந்தேன்லக்கா."

எல்லாவற்றுக்கும் என்று நீதானே சொன்னாய் என்பது கன்னியம்மாவின் தொண்டை வரை வந்தது. இந்தப் பெண் அழப்போகிற நேரத்தில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விழுங்கினாள். ஆனால் அந்த முள் கெட்டால், இந்தக் கடையில் காலம் முழுக்கத் தன் கை 'உடைக்கிற கை' என்றாகிவிடும். அதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை.

"நான் வெச்சது. நானே எடுக்குறேன்" என்றாள்.

"அக்கா, ப்ளீஸ். இது ரொம்ப டெலிகேட்."

"மெப்ஸ் கம்பெனில பதினோரு வருஷம் செம்புக் கம்பில காயில் சுத்திகினு இருந்தவம்மா நானு. முடிய வுட மெல்லிசு கம்பி, லென்ஸ் வெச்சாதான் கண்ணுக்கே தெரியும். அறுக்காம சுத்துறவன்னு என் பேரதான் போர்டுல எழுதிப் போடுவாங்க."

விஷ்ணுப்ரியா அவளையே பார்த்தாள். "சொல்லவே இல்லையேக்கா?"

"யாரு கேட்டீங்க?"

கேட்கவில்லைதான். தாம்பரம் சானடோரியத்தில் அந்தக் கம்பெனியை மூடிய பிறகு அவள் வேலை தேடிப் போன இடத்திலெல்லாம், பாத்திரம் கழுவுவீர்களா, வீடு எங்கே என்ற இரண்டையும்தான் கேட்டார்கள்.

கன்னியம்மா வளையல்களைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தாள். சுப்ரஜாவிடம், கைப்பேசி கேமராவில் முள்ளைப் பெரிதாக்கிப் பிடிக்கச் சொன்னாள். சுண்டு விரலை மேஜையில் ஊன்றிக்கொண்டு, மூச்சை விட்டு, அடுத்த மூச்சு இழுப்பதற்கு முன் உள்ள அந்த இடைவெளியில் பிரஷ்ஷை ஒரு தரம் முன்னால் இழுத்தாள். குங்குமம் உதிர்ந்தது. மறுபடி மூச்சு, மறுபடி ஓர் இழுப்பு. அவளுக்கே ஆச்சரியம், கை எதையும் மறக்கவில்லை. சந்தனம் மட்டும் அசையவில்லை. சாலமனிடம் கேட்டதற்கு, பிரஷ் நுனியில் ஸ்பிரிட் துளி தொட்டுக்கொள்ளலாம், ஆனால் மேலே ஏறினால் முள்ளை ஒட்டியிருக்கிற பசை விட்டுவிடும் என்றார். ஏறாது என்றாள் கன்னியம்மா. சுப்ரஜா மருந்துக் கடையிலிருந்து ஸ்பிரிட் வாங்கி வந்தாள். அதைத் தொட்ட பிரஷ்ஷைக் காகிதத்தில் ஒற்றி, ஈரம் இருக்கிறதா இல்லையா என்கிற பதத்தில் இழுத்தாள். முக்கால் மணி நேரம் ஆனது.

"அக்கா, மின்னுது" என்றாள் சுப்ரஜா. கைப்பேசித் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி, சுத்தமாக, தனியாகத் தெரிந்தது.

ஸ்பிரிட் நன்றாகக் காயட்டும் என்று காத்திருந்து, விஷ்ணுப்ரியாதான் முள்ளை இறக்கினாள். முதலில் ஒரு சின்னக் கரகரப்பு. கன்னியம்மாவுக்கு உயிரே போய்விட்டது. பிறகு வீணை வந்தது, தந்தியில் விரல் வழுக்குகிற சத்தம்கூட விடாமல். விஷ்ணுப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.  கன்னியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல், தொட்டியில் டம்ளர் அப்படியே கிடக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஐந்து மணிக்குக் கடையில் கால் வைக்க இடமில்லை. பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பக்கம் முடிந்து, முள் தட்டின் நடுவில் சரக் சரக்கென்று உரசிக்கொண்டிருந்தது. விஷ்ணுப்ரியா இரண்டு கையிலும் பால் பாத்திரத்தோடு அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். சுப்ரஜா எழுந்திருக்கப் போனாள்.

"நீ உக்காரு" என்றாள் விஷ்ணுப்ரியா. பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா, தட்ட நீங்க திருப்பிப் போடுங்க."

கன்னியம்மா கூட்டத்துக்கு நடுவே நடந்தாள். பிள்ளைகள் காலை மடக்கி வழிவிட்டார்கள். முள்ளைத் தூக்கி அதன் இடத்தில் அமர்த்தினாள். சுற்றல் நின்றதும், தட்டின் ஓரத்தை மட்டும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்து மெல்லத் திருப்பினாள். ஜன்னல் வெயில் அதன் கறுப்பில் ஒரு சுற்று ஓடிப் போனது. அவள் அவசரப்படவே இல்லை.