மூன்றாம் வருஷம் கரடி என்ன செய்தது

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. வகுப்பறைக் கரும்பலகையில் கிடந்தது. அழிக்க மனம் வராமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு வடித்து முடித்த பிறகும் தெம்பு மிச்சமிருந்தால் கதை எழுதுவேன். பெரும்பாலும் மிச்சமிருக்காது. ஆகவே இதில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றால் அதை உத்தி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். களைப்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மலைச்சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மார்கழிக் காலையில் ஜெயபிரியா தன்

இல்லை. பனியும் இல்லை, மார்கழியும் இல்லை. பங்குனி வெயில். வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை. (ஓடியதாக எழுதிவிடலாமா என்று யோசித்தேன். கதையிலாவது ஓடட்டுமே.)

2

தருமபுரியில் ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரே நாட்டுப்புறக் கதை வீட்டுக்கு வீடு எப்படி மாறுகிறது என்று பிள்ளைகளையே ஒப்பிடச் சொல்ல வேண்டும். எது சரி, எது தப்பு என்று நாம் வாயைத் திறக்கவே கூடாது. இத்தனை வருஷமாகச் சரியும் தப்பும் போட்டே பிழைத்தவளிடம் இதைச் சொன்னார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நான் எடுத்துக்கொண்ட கதை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். ஒரு குடியானவனும் ஒரு கரடியும் கூட்டு வெள்ளாமை செய்கிறார்கள். முதல் வருஷம் மண்ணுக்கு மேலே விளைவது கரடிக்கு, கீழே விளைவது குடியானவனுக்கு என்று பேச்சு. அவன் நிலக்கடலை போடுகிறான். கரடிக்கு வெறும் செடிதான் கிடைக்கிறது. அடுத்த வருஷம் கரடி உஷாராகி, கீழே இருப்பதைக் கேட்கிறது. அவன் கேழ்வரகு விதைக்கிறான். கரடி வேரை வாரிக்கொண்டு, கோபித்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுகிறது.

என்னிடம் இருந்த புத்தகத்தில் கதை அங்கேயே முடிந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "மூணாவது வருஷம் கரடி என்ன பண்ணுச்சின்னு வீட்ல கேட்டுக்கிட்டு வாங்க" என்று சொன்னேன். பலகையில் கட்டமும் போட்டேன். சொன்னவர் பெயர், என்ன விலங்கு, என்ன பயிர், மூன்றாம் வருஷம் என்ன ஆனது.

3

வந்தார்கள். வத்தல்மலையிலிருந்து இறங்கி அத்தை வீட்டில் தங்கிப் படிக்கும் தீர்த்தகிரி, "எங்க மலையில கரடிதான் மிஸ் நெலத்துக்காரன். மனுசந்தான் கூலிக்குப் போனவன்" என்றான். வீட்டில் தெலுங்கு பேசும் சத்யராஜ், அது கரடியே இல்லை, நரி என்றான். இன்னொருத்தி வீட்டில் கரடி மூன்றாம் வருஷம் திரும்பி வந்து ஆட்டைத் தின்றிருந்தது. எது சரி என்று சண்டை போட்டார்கள். எல்லாமே சரிதான் என்றேன்.

"அப்ப மார்க்கு யாருக்குங்க மிஸ்?" என்றான் சத்யராஜ். பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

கடைசியாக ஜெயபிரியா எழுந்தாள். "எங்கம்மாவுக்குத் தெரியாதாம் மிஸ். போன் பண்ணி எங்கப்பாகிட்ட கேட்டேன். கரடி காட்டுக்குப் போயி திரும்பியே பாக்கலையாம்."

'சொன்னவர் பெயர்' என்ற இடத்தில் 'நவநீதன், பெங்களூர்' என்று எழுதினேன்.

[இங்கே ஓர் அடிக்குறிப்பு வேண்டும். நவநீதன் பெங்களூரில் ஓட்டல் வேலைக்குப் போனவன். அங்கே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. பண்டிகைக்குக்கூட ஊர்ப்பக்கம் வருவதில்லை. ஊருக்கே தெரியும். பலகைக்குத்தான் தெரியாது.]

மறுநாள் மறுபடியும் கையைத் தூக்கினாள். "அப்பா நேத்து தப்பா சொல்லிட்டாராம் மிஸ். கரடி வந்துச்சாம். வரப்பு வரைக்கும் வந்து நின்னு பாத்துட்டுப் போயிடுச்சாம்."

அதற்கு மறுநாள் கரடி களத்துமேட்டுக்கு வந்து படுத்திருந்தது. கதைக்குக் காலில்லை, கொழுக்கட்டைக்குத் தலையில்லை என்பார்கள். இந்தக் கதைக்குக் கால் இருந்தது. நாளுக்கு நாள் வீட்டுப்பக்கம் நடந்துகொண்டே வந்தது. மற்ற பிள்ளைகள் தங்கள் கரடிகளை மறந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை, "வாசலுக்கே வந்துச்சாம் மிஸ். உள்ள குடியானவன் வூட்டுக்காரி இருக்கறா. கதவத் தொறக்கலாமா வேணாமான்னு நிக்கறா" என்றாள்.

"அப்புறம்?" என்றது நான்தான்.

"போன்ல சார்ஜ் இல்லாம போயிடுச்சிங்க மிஸ். நாளைக்கும் இந்தப் பாடம் இருக்குதுங்களா?"

அன்றே முடிக்க வேண்டிய பாடம். இருக்கிறது என்றேன்.

4

இந்த நவநீதன் என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காத ஒருவன் தினமும் போனை எடுத்து, இவ்வளவு பதமாக ஒரு கரடியை நடத்திக்கொண்டு வருவானா? வேறொருவர் எழுதிக் கொடுத்திருந்தால் இந்த இடத்தில் கோடு போட்டிருப்பேன். நம்பும்படி ஆக்குவதற்காக அவனுக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

ஓட்டல் சமையலறையின் புகைக்கு நடுவே அவன் கண்கள் கலங்கின. மகளின் குரல் கேட்ட அந்தக் கணத்தில் அவனுக்குள்

அவனுக்குள் என்ன? நான் அவனைப் பார்த்ததுகூட இல்லை. அவன் கண் எதற்குக் கலங்க வேண்டும்? வெங்காயம் வெட்டியிருப்பான்.

5

அந்த வியாழக்கிழமையே சாப்பாட்டு நேரத்தில் ஜெயபிரியாவின் அம்மா யுவராணி வந்தாள். தக்காளி மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. விரலெல்லாம் கறை. மகள் கண்ணில் படாமல் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"டீச்சர், அந்தக் கரடிப் பாடத்த முடிச்சிடுங்க."

"ஏம்மா? பாப்பா நல்லாத்தான் சொல்றா."

"அவரு மொத நாளு மட்டுந்தாங்க போன எடுத்தாரு. கதையெல்லாம் தெரியாது, வேலையா இருக்கறேன்னு வெச்சிட்டாரு. அதுக்கப்புறம் எடுக்கவே இல்லீங்க."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவளே சொன்னாள்.

"சாயங்காலமானா புள்ள போன காதுல வெச்சிக்கிட்டு ஒக்காந்துக்குதுங்க. 'சொல்லுங்கப்பா'ங்குது. 'ம்'முங்குது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு 'அப்புறம்?'ங்குது. அந்தப் பக்கம் ஆளே இல்லீங்க டீச்சர்."

"நீ ஒண்ணும் கேக்கலையா?"

"என்னன்னு கேக்கறதுங்க? நானும் அடுப்பாண்ட ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கறேன். 'ம்'முங்கறது மட்டுந்தான் என் காதுல வுழுது. கதை வுழமாட்டேங்குது."

முந்தானையில் கையைத் துடைத்தாள். கறை போகவில்லை.

"கரடி எதுவரைக்கும் வந்துருக்குதுங்க?"

"வாசல் வரைக்கும்."

"கதவு?"

"இன்னும் தொறக்கல."

கிளம்பினாள். பள்ளிக் கேட் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"நாளைக்குச் சொல்லுமில்லீங்க, தொறந்தாளா இல்லையான்னு. அத மட்டும் எனக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க டீச்சர். அப்புறமா பாடத்த முடிச்சிடுங்க."

எனக்கு அழுகை வந்தது. மணி அடித்துவிட்டதால் வகுப்புக்குப் போனேன்.

6

இனி முடிவு. சில முடிவுகளை எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஒன்றில், காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த பாடத்தின் தலைப்பை எழுதுகிறேன். நடக்கக்கூடியதுதான். அம்மா கேட்டதும் பாதி அதுதான். ஆனால் அந்தப் பிள்ளை கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருப்பாள். அதை எழுத என்னால் முடியவில்லை.

இன்னொன்றில் கதவு திறக்கிறது. கரடி உள்ளே வந்து களி தின்கிறது. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். அடுத்த வாரம் யுவராணி வீட்டுக் கதவைத் திறந்தால் வெளியே யாரும் இருக்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவது:

வெள்ளிக்கிழமை மாலை பெங்களூர் பஸ்ஸிலிருந்து ஒருவன் இறங்கி, பள்ளிக்கூடத்துக்கு வழி

போதும். வெட்கமாக இருக்கிறது.

(பலகையில் நவநீதன் பெயரை அழித்துவிட்டு ஜெயபிரியா என்று எழுதுவதும் ஒரு முடிவுதான். நியாயமும் அதுதான். சொன்னவள் அவள். ஆனால் அந்தப் பெயரை எழுதிவிட்டால், அப்பா சொல்லவில்லை என்று வகுப்புக்கு முன்னால் அறிவித்ததாக ஆகிவிடும். எழுதாமல் விட்டால், தெரிந்தே ஒரு பொய்யைச் சாக்பீஸால் தடவிக்கொண்டிருக்கிறேன். சரி, தப்பு சொல்லக் கூடாது என்ற பயிற்சிக்காரரை இந்தக் கட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தவேண்டும் போலிருக்கிறது.)

7

வெள்ளிக்கிழமை. இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாததால் அல்ல. எப்படி எழுதினாலும் அது நான் சொன்ன கதையாகிவிடும், அவ்வளவுதான். பலகையில் கடைசி வரியைப் பாதியில் விட்டிருக்கிறேன்:

சொன்னவர் பெயர்:

மூன்றாம் வருஷம்: கரடி வாசலுக்கு வந்தது. உள்ளே நின்றவள் கதவை

சாக்பீஸைப் பிடியுங்கள். பெயரை முதலில் எழுதுவதா, கதையைக் கேட்டுவிட்டு எழுதுவதா என்பது உங்கள் பாடு. ஜெயபிரியா எழுந்து நின்றுவிட்டாள். தக்காளி மண்டியில் அவள் அம்மா, போனைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு தரம் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.