நத்தை வேகத்தில் வந்த தோட்டா

1969 தை மாதம் கடம்பத்தூரில் எண்ணெய் மில் முதலாளி சுப்பராயன் சுட்ட தோட்டா, சாராளைத் தேடி இரண்டு வருஷம் வழிநடந்தது. துப்பாக்கி அவர் தனக்கென்றே சொல்லிச் செய்வித்தது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம்; அதுவும் வெள்ளைக்காரர்கள் யானைக்கு வைத்திருந்த, கட்டைவிரல் பருமனுள்ள பழைய தோட்டா. இரண்டாவது குண்டு கேட்பவன் வேட்டைக்காரனே அல்ல என்பார். அன்று விடியற்பனியில் வேர்க்கடலைக் கொல்லையைப் பன்றி கிளறுவதாக நினைத்துச் சுட்டார். பன்றி நிமிர்ந்து, தலைமேல் போர்த்திய சாக்கை விலக்கியது. அறுவடைக்குப் பின் சிதறிய கடலையைப் பொறுக்க வந்த கூலிக்காரி சாராள். "ஐயோ!" என்று சுப்பராயன் அலறினார். அந்த அலறலில் தோட்டா வேகம் குறைந்து, மார்பு உயரத்தில், காற்றில் நத்தைபோல ஊர ஆரம்பித்தது.

பலகை, தகரம், கருங்கல் எதுவும் அதை நிறுத்தவில்லை. அவள் போன திசைக்கெல்லாம் திரும்பியது. வெல்லம்போலத் தோட்டாவும் கரைய வேண்டுமென்று வேண்டி, சுப்பராயன் திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தார். சாராள் சோழவரத்துக்குக் களையெடுக்க ஓடினாள். பிறகு பிள்ளைகளோடு கும்மிடிப்பூண்டிக்குப் போய் இரும்புக் கம்பெனியில் சேர்ந்தாள். தோட்டாவும் போனது. மில்லைத் தம்பியிடம் விட்டுவிட்டு சுப்பராயன் அதற்கு முன்னால் நடந்தார், குறுக்கே வரும் பிள்ளைகளையும் மாடுகளையும் விலக்கியபடி. சோழவரத்தில் கார்ப் பந்தயத்தை அரை நாள் நிறுத்தி வழிவிட்டார்கள்.

1971 தையில் அது கம்பெனி வாசலை அடைந்தது. ஷிப்டு முடிந்து வந்த சாராள் அதன் எதிரிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னும் எங்க ஓடறது மொதலாளி? எம் புள்ளைங்கள மட்டும் பாத்துக்கோ."

சுப்பராயன் நடுவில் வந்து நின்றார்.

"நவுரு நைனா! ரெண்டு பேரையும் தொளைச்சிக்கினு போய்டும்!" என்று சாராள் கத்தினாள்.

"மொதல்ல என்னத் தொளைக்கட்டும்."

தோட்டா அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டு நின்றது. அவர் ஓரடி விலகினார். அவளை நோக்கி நகர்ந்தது. பதறித் திரும்ப வந்தார், நின்றது. அவருக்குக் கையைத் தூக்கவும் பயம். சாராள் தூக்குச்சட்டியைத் திறந்து மிச்சமிருந்த கஞ்சியை ஊட்டிவிட்டாள். விழுங்கும்போது அவர் அழுதார்.

அன்றுமுதல் அவள் போகுமிடமெல்லாம் அவர் பின்னோக்கி நடந்தே கூடப் போனார்; தோட்டாவும் இப்போது அவர் வேகத்துக்கே வந்தது, பொத்தானை விட்டு அகலவில்லை. "இன்னா மொதலாளி, குண்டுக்கு டிக்கெட்டு எடுத்தியா?" என்று ரயிலில் ஒரு வாரம் கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு இருவரும் ஏறினால், பேச்சை நிறுத்தாமலே மூன்று பேருக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.