அழித்த பதிவுகளையும் சேர்த்து

1

இந்தக் கதை லாரிக்கு அடியிலிருந்து வந்தது. அண்ணன் லாரி மெக்கானிக். ஒருநாள் எனக்கு வேலை இல்லாததால் அவன் பட்டறைக்குப் போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் மல்லாந்து படுத்தபடி சொன்னான். முகத்தைக் காட்டாமல் பேசுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரீஸ் பிடித்த இரண்டு கால்கள்தான். முக்கால்வாசி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

மிச்சத்தை அண்ணியிடம் கேட்டேன். "அதுல என்ன இருக்கு தம்பி? பழசுலேர்ந்து டேட்டா எடுத்தேன், புதுசுல ஏத்தினேன். இதையெல்லாமா கதை எழுதுவாங்க?" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

(அண்ணியை 'சொன்னார், போனார்' என்று மரியாதையாகத்தான் எழுதிப் பார்த்தேன். கதை அரசாங்கக் கடிதம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அதனால் 'சொன்னாள்'. நேரில் அப்படிப் பேசினால் அண்ணன் செவிட்டில் ஒன்று வைப்பான்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மகப்பேறு மருத்துவமனையின் பழைய கணினிக்குள், ஓர் இருட்டறையில், யாருமறியாமல் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் மெல்லிய மூச்சு—

இதற்கு மேல் போகக் கை கூசியது. கணினிக்குள் அறை கிடையாது. மூச்சு கிடையாது. மூச்சு இல்லாததுதான் கதையே.

இரண்டாவது தொடக்கம் இது. அழகாக இல்லை. ஆனால் நிற்கிறது:

அண்ணி ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு மகப்பேறு மருத்துவமனை தன் பழைய தரவுத்தளத்தைக் கைவிட்டுப் புதிய மென்பொருளுக்கு மாறியது. பழையதில் இருக்கும் பிறப்புப் பதிவுகளை எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும். எடுப்பதற்குப் பைத்தான் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், எழுத வேண்டும். அந்த வேலை அண்ணிக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து கணினியை எடுத்துப் போய்விடுவார். அதற்குள் முடிக்க வேண்டும்.

அதே மருத்துவமனையில்தான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் அண்ணிக்குப் பிள்ளை பிறந்தது. பையன். இறந்தே பிறந்தான். அதற்குப் பிறகு வீட்டில் குழந்தை இல்லை.

இந்த வேலையை வேறு யாருக்காவது தள்ளிவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "வேற யாருக்கும் அந்தப் பழைய ஃபார்மட் தெரியாதுப்பா" என்றாள். நம்பினேன். இப்போது எழுதும்போது நம்பவில்லை.

3

பதிவறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பழைய கணினி ஒரு மர மேசையில் முதுகு புடைத்து உட்கார்ந்திருந்தது. மருத்துவமனை தொடங்கிய நாள் முதல் அதில் தட்டுகிறவள் டைப்பிஸ்ட் அக்கா.

"தட்டினா கோவிச்சுக்கும். தடவித்தான் வேலை வாங்கணும்" என்றாள் அக்கா. "என் வீட்டுக்காரரை விட இதுகூடத்தான் அதிக நாள் குடும்பம் நடத்தியிருக்கேன்."

"வெள்ளிக்கிழமை அனுப்பிடுவாங்களே, அக்கா."

"அனுப்பட்டும். அந்த ஆளையும் சேர்த்து ஏத்தி விட்டா நிம்மதி."

அண்ணி கோப்பை நகலெடுத்துக்கொண்டு தன் மடிக்கணினியில் ஸ்கிரிப்டை ஓட்டினாள். முதலில் எழுத்தெல்லாம் கிறுக்கலாக வந்தது. பழைய எழுத்துரு. அதில் கொம்பை முதலில் தட்டி, எழுத்தை அப்புறம் தட்டுவார்கள். இன்றைய முறையில் வரிசை தலைகீழ். ஒவ்வொரு குறிக்கும் எது எழுத்து என்று ஓர் அட்டவணை எழுதி, கொம்புகளைப் பிடித்து இடம் மாற்றி உட்கார வைத்தாள். கிறுக்கல்கள் அம்மாக்களின் பெயர்களாக மாறின.

அடுத்த சிக்கல், கணக்கு உதைத்தது. இத்தனை பதிவு இருக்கிறது என்று கோப்பின் தலைப்பு சொன்னது. ஸ்கிரிப்ட் அதைவிடக் குறைவாகத்தான் கொண்டு வந்தது.

இந்த இடத்தில் நான், 'அழிந்துபோன பதிவுகள் மாயமாக' என்று எழுதியிருந்தேன். அண்ணி என் கைப்பிரதியைப் படித்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்தாள்.

"மாயம் எல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. அந்தக் காலத்து டேட்டாபேஸ்ல அழிச்சா அழியாது. பதிவுக்கு முன்னால ஒரு நட்சத்திரக் குறி விழும். திரையில காட்டாது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு கட்டளை குடுத்துச் சுருக்குவாங்க. அப்பதான் நெஜமாவே போகும்."

"சுருக்கலன்னா?"

"அங்கேயேதான் இருக்கும்."

நட்சத்திரக் குறி உள்ளதை ஸ்கிரிப்ட் தானாகவே தாண்டிப் போய்விடுமாம். தாண்டாதே என்று சொல்ல ஒரே ஒரு வரி போதும்: அழித்த பதிவுகளையும் சேர்த்து எடு. அந்த வரியைத் தட்டும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும், யார் யார் வருவார்கள் என்று. அந்த நேரத்தில் அவள் மனசு—

[இந்த வாக்கியத்தை ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். அவள் மனசுக்குள் நான் போனதில்லை. அப்படியே விடுகிறேன்.]

வந்தார்கள். எல்லா வரியிலும் அம்மாவின் பெயர், ஆணா பெண்ணா, எடை, பிறந்த நேரம், அப்பாவின் கைபேசி எண். கொஞ்ச தூரம் உருட்டியதும் தன் பெயரைப் பார்த்தாள்.

4

டைப்பிஸ்ட் அக்காவை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் பிரதியில் அவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன்: செத்த பிள்ளை வந்தால் ஒரு விசையைத் தட்டி அழித்துவிட்டு டீ குடிக்கப் போகிறவள். இரண்டாவது பிரதியில் தெய்வமாக எழுதினேன். இரண்டுமே அவள் இல்லை. அண்ணிக்கும் அவளுக்கும் நடந்த பேச்சை, அண்ணி சொல்லக் கேட்டு அண்ணன் என்னிடம் சொன்னபடியே வைக்கிறேன்.

"உயிரோட பொறக்காத பிள்ளைக்கு எதுக்குக்கா பதிவு போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்? பிரசவ வலின்னு வந்தாலே பதிவு போட்டாதான் கட்டில் குடுப்பான். அப்புறம் பிள்ளை இல்லன்னா அழிக்கணும். அதான் உத்தரவு."

"எடை, நேரம் எல்லாம் நிரப்பியிருக்கே."

"நிரப்பிட்டுத்தான் அழிப்பேன். அந்தப் பொண்ணு பத்து மாசம் சுமந்திருக்கா. வெறுமனே அழிச்சா யாருமே வரலன்னு ஆயிடும்ல?"

"வாராவாரம் சுருக்கணும்னு உங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னாங்க. மெஷின் தொங்கிடும்னு சொல்லிட்டே காலத்தை ஓட்டிட்டேன். ஆரம்பத்துல ஒரு வாட்டி சுருக்கினேன்மா. முடிச்சுப் பார்த்தா எல்லா வரியும் ஒண்ணு ஒண்ணா மேல ஏறியிருக்கு. ஒரு பிள்ளை இருந்த எடத்துல பக்கத்துப் பிள்ளை வந்து உக்காந்திருக்கு. எனக்குப் புடிக்கல. விட்டுட்டேன்" என்றாள்.

அன்றைக்கும் டீ குடிக்கப் போனாள். முதல் பிரதியில் நான் எழுதியதில் அது மட்டும் உண்மை.

5

மருத்துவமனை மேலாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "அழிச்சது எதுக்கும்மா? உயிரோட இருக்கிறதை ஏத்தினாப் போதும்."

ஆனாலும் அண்ணி ஒரு பதிவை எடுத்துப் புதிய மென்பொருளில் ஏற்றிப் பார்த்தாள். சோதனைக்குத்தான். முழுக்க ஏற்றுவதற்கு முன் ஒன்றை வைத்துச் சரிபார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். அடுத்தவர் பிள்ளையை வைத்துச் சோதிக்கக் கை வரவில்லை. தன் பிள்ளையை எடுத்தாள்.

பழையதில் உயிருடன், இறப்பு என்று கட்டமே கிடையாது. ஆகவே புதியது அவனை உயிருடன் என்று எடுத்துக்கொண்டது. வயதைக் கணக்குப் போட்டது. அந்த வயதுக்குரிய தடுப்பூசியைப் பார்த்தது. பதிவில் இருந்த கைபேசிக்குத் தானாகவே ஒரு செய்தி அனுப்பியது. செய்தி அனுப்பும் பகுதியை நிறுத்தி வைக்க அண்ணி மறந்திருந்தாள். இத்தனை வருஷ வேலையில் அப்படி மறந்தது கிடையாதாம்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அண்ணன் பதிவறை வாசலில் வந்து நின்றான். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிய கை. விசேஷத்துக்குப் போடும் சட்டை. தலையை ஈரமாக வாரியிருந்தான்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"லீவு போட்டேன். அரை நாள்."

"எதுக்கு?"

கைபேசியை நீட்டினான். உங்கள் குழந்தைக்கு ஐந்து வயதுத் தடுப்பூசி போட வேண்டிய நாள் வந்துவிட்டது.

அண்ணி படித்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "முதலாளிகிட்ட என்ன சொன்னீங்க?"

"பையனுக்கு ஊசி போடணும்னு."

"அதுக்கு அவரு?"

"அழுவான், ஏதாச்சும் மிட்டாய் வாங்கிட்டுப் போடான்னாரு."

[அவன் சட்டைப் பையில் மிட்டாய் இருந்தது என்று அடுத்த வரி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அண்ணன் வாங்கவில்லை. உங்களை அழவைப்பதற்காக நான் வாங்கி வைத்தது அது.]

"தப்பா வந்திருக்குங்க. நான்தான் கவனிக்காம—"

"தப்புன்னு தெரியாதா எனக்கு?" என்றான் அண்ணன். "தெரிஞ்சுதான் லீவு கேட்டேன். இது புதுப் பட்டறை, அங்க யாருக்கும் நம்ம கதை தெரியாது. எனக்கு ஒரு பையன் இருக்கான்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லிப் பாக்கலாமேன்னு தோணுச்சு. சொன்னேன். அவரும் உடனே நம்பிட்டாரு."

டீ குடித்துவிட்டு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

6

இங்கே முடிவு என்று ஒன்று வேண்டும். கையில் இரண்டு வைத்திருந்தேன்.

ஒன்று: அண்ணி ஸ்கிரிப்டிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுகிறாள். மேலாளர் சொன்னபடி உயிரோடு இருப்பவர்கள் மட்டும் புதியதற்குப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது. இப்படித்தான் நடக்கும், உலகத்தில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் இதை எழுதி முடித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று: எல்லாரையும் ஏற்றுகிறாள். அத்தனை வீட்டுக் கைபேசிகளிலும் செய்தி போகிறது. எந்த அம்மா எந்த நிலையில் அதைப் படிப்பாளோ. அதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

தொழில் தெரிந்த வாசகர் சிரிப்பார்: இறப்பு என்று குறித்துவிட்டு ஏற்றினால் போயிற்று, செய்தி போகாதே? போகாதுதான். அண்ணிக்கும் அது தெரியும். அதைத்தான் அவள் செய்யப் போனாள்.

7

திரையில் தன் பிள்ளையின் பதிவைத் திறந்து, 'உயிருடன்' என்பதை 'இறப்பு' என்று மாற்றினாள். புதிய கட்டம் ஒன்று திறந்தது. இறந்த நேரம். பிறந்த நேரத்தையே அதிலும் போட்டாள். சிவப்பு எழுத்தில் மறுத்தது: இறந்த நேரம் பிறந்த நேரத்துக்குப் பின் இருக்க வேண்டும்.

காலியாக விட்டுப் பார்த்தாள். அதற்கும் மறுத்தது.

"என்ன கேக்குது?" என்றான் அண்ணன்.

"எவ்வளவு நேரம் உயிரோட இருந்தான்னு கேக்குது."

"இல்லையே."

"இல்லன்னா உள்ள விடாதாம். இந்த சாஃப்ட்வேரைச் செஞ்சவன் அப்படி ஒரு பிள்ளையை யோசிக்கவே இல்ல. அவன்கிட்ட சொல்லி மாத்தறதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துடும்."

அக்கா வாசலிலிருந்து சொன்னாள்: "எல்லாத்துக்கும் ஒரு நிமிஷம் போட்டு ஏத்தி விடும்மா. யாருக்கு நஷ்டம்?"

"பொய்க்கா அது. டாக்டர் எழுதினது வேற. நாளைக்கு ஒரு அம்மா வந்து கேட்டா? என் பிள்ளை ஒரு நிமிஷம் இருந்துச்சா, என் கையில ஏன் குடுக்கலன்னு கேட்டா?"



அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்து அண்ணியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். திரையைக் காட்டிக் கேட்டான்:

"ஒரு நிமிஷம்தான் ஏத்துக்குமா?"

"இல்லங்க" என்றாள் அண்ணி. "எவ்வளவு போட்டாலும் ஏத்துக்கும்."

அண்ணன் என்னிடம் சொன்னது இதுவரைதான். இதற்கு மேல் அண்ணன் கேட்டதாகவோ அண்ணி தட்டியதாகவோ நான் எதை எழுதினாலும், அவர்கள் பிள்ளையின் ஆயுளை எழுதியவன் நானாகிவிடுவேன். எனக்கு அந்த உரிமை கிடையாது. சித்தப்பன்தான், இருந்தாலும்.

எனவே உங்களிடம் விடுகிறேன். கட்டம் திறந்தே இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றும் போடாமல் மூடிவிட்டுப் போகலாம். அதுவும் ஒரு நேர்மை. போடுவதானால் ஒரு நிமிஷம் போடுங்கள், ஒரு சாயங்காலம் போடுங்கள், உங்கள் மனசுக்கு எவ்வளவு வருகிறதோ அவ்வளவு போடுங்கள். எவ்வளவு போட்டாலும் அது முடியும்போது அந்த இரண்டு பேரும் அங்கேதான் இருப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு போடுங்கள்.