கட்டிப் போட்ட கை

படத்தில் ஹீரோ ஆறடி, கோதுமை நிறம். நாவலில் வரும் யோனாவோ ஐந்தடிக்கும் குறைவு, அடுப்புக் கரி நிறம், கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. அந்த யோனா யாரென்று கும்மிடிப்பூண்டியில் கம்பி இழுக்கிற எவனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். எபினேசர்தான். நாவலை எழுதிய பார்த்திபன் ஒரு காலத்தில் அதே ரோலிங் மில்லின் கேட்டில் உட்கார்ந்து ஆள் வருகை குறித்தவன்.

ஹீரோ வெளுப்பாக வந்ததில் எபினேசருக்கு வருத்தமில்லை. "நம்ம மூஞ்சிய எவன்பா டிக்கெட் எடுத்துப் பாப்பான்? என் சம்சாரமே அந்தப் பக்கம் திரும்பிக்கினு தூங்குது" என்று சிரித்தான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். யோனாவின் இடது கை.

எபினேசர் பிறவியிலேயே இடதுகைக்காரன். ஆரணியில் இரண்டாம் வகுப்பில் வாத்தியார் அந்தக் கையைச் சணல் கயிற்றால் பெஞ்சுக் காலோடு கட்டிப் போட்டு, மற்றக் கையில் பலப்பத்தைக் கொடுத்தார். எழுத்து வரவில்லை, பள்ளிக்கூடம்தான் போயிற்று. மில்லில் 'பீச்சாங்கை' என்பதே பேராகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரை அந்தக் கையால் வாங்கப்போய் ஒரு சம்பந்தமே தட்டிப் போனது. நாற்பத்தெட்டு வயசில்தான் ஒரு புஸ்தகம் வந்து அதை நல்ல கை என்றது. மில்லில் கூட வேலை பார்த்த பென்னியைச் சாவிலிருந்து இழுத்த கை. மகள் சோனியா அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்துக் காட்டினாள். மூன்றாம் தரம் கேட்க வெட்கமாக இருந்தது.

மூடிக் கிடந்த பழைய மில்லை வாடகைக்குப் பிடித்துப் படப்பிடிப்பு நடந்தது. ரோலரிலிருந்து வரும் கம்பியை இடுக்கியால் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க எபினேசரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஹீரோ இடுக்கியை வலது கையால் எடுத்தான்.

"தம்பி, இந்தக் கை."

"எனக்கு ரைட்தாண்ணா வரும்."

எபினேசர் பார்த்திபனைப் பார்த்தான். பார்த்திபன் டீக் கப்புக்குள் பார்த்தான். "கதைய குடுத்தாச்சு எபி. இனிமே அது அவங்களுது."

டைரக்டர் நர்மதா கெட்டவள் இல்லை. நாலு நாளாக இரும்புத் தூசியில் நின்று கண் சிவந்திருந்தது. "ரெண்டு நாள்தாண்ணா இருக்கு. இடது கை பழக டைம் இல்ல. ஆறடி ஆளையே ஜனங்க ஒத்துக்கப் போறாங்க, கையையா பாப்பாங்க?"

"கைதான் மேடம் கதையே."

"கதை பென்னியைக் காப்பாத்தினது. எந்தக் கையா இருந்தா என்ன?"

எபினேசருக்குப் பதில் தெரியும். உடம்புக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை. சும்மா வந்து நின்றுகொண்டான்.

ஒத்திகை ஆரம்பித்தது. சுடாத கம்பிதான், சிவப்புச் சாயம் அடித்து, ரோலருக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள். வலது கைக்காரர்கள் எல்லோரும் கம்பி வரும் வாய்க்கு இடப்பக்கம் நிற்பார்கள், கை கம்பிக்குக் கிட்டத்தில் இருக்கும் என்று. ஹீரோவும் அங்கேதான் நின்றான். எபினேசர் பழக்கத்தில் எதிர்ப்பக்கம், தன் இடத்தில் இடுக்கியோடு நின்றான். கம்பி வந்தது. ஹீரோ பிடிக்கத் தாமதித்தான்.

"கட்!" என்று கத்தினாள் நர்மதா.

மில்லில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம். பழுத்த கம்பி தடம் விட்டுத் துள்ளினால், முதலில் பார்த்தவன் போடுகிற சத்தம். கேட்டவன் இடுக்கியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

எபினேசரின் இடுக்கி தரையில் விழுந்தது. அதே நொடியில் இடது கை நீண்டு ஹீரோவின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுண்டி இழுத்தது. ஆறடியும் அவன் மேல் சாய, இரண்டு பேரும் மணலில் உருண்டார்கள்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"மன்னிச்சுக்கோ தம்பி" என்றான் எபினேசர், காது வரை சூடேற. "கட்டுன்னா எங்களுக்கு உசுரு போற சத்தம்."

"நாவல்ல நூத்திப் பன்னிரண்டாம் பக்கம் மேடம், இதான்" என்றான் பார்த்திபன்.

ஹீரோ எழுந்து, தான் நின்ற இடத்தையே பார்த்தான். "பென்னி இங்கதான் நின்னாராண்ணா?"

"அங்கயேதான். கம்பி அந்தப் பக்கம் துள்ளிச்சு. நானும் சோத்தாங்கையா இருந்தா அவன் பக்கத்துலதான் நின்னிருப்பேன். ரெண்டு பேர் போட்டோவுக்கும் மாலை போட்டிருப்பாங்க. இந்தக் கைன்றதாலதான் இந்தப் பக்கம் நின்னேன். எட்டி இழுத்தேன்." எபினேசருக்கே ஆச்சரியமாக இருந்தது, வாய் வந்துவிட்டதே என்று. "இப்ப அவன் ஸ்டேஷன்ல ஷேர் ஆட்டோ ஓட்டினுகிறான்."

நர்மதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணா?"

"மொதல்ல நீங்க கட் சொல்லலியே மேடம்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு ஹீரோவிடம், "சாயங்காலத்துக்குள்ள வருமா?" என்றாள்.

ஹீரோ கழுத்தில் கிடந்த துண்டை உருவி எபினேசரிடம் நீட்டி, வலது கையை இடுப்புப் பெல்ட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டான். "கட்டிடுங்கண்ணா. இது சும்மா சும்மா முந்திக்குது."

எபினேசர் துண்டை வாங்கினான். சணல் கயிறு மணிக்கட்டை அறுத்தது இன்னும் ஞாபகம் இருந்தது. தோல் உரசாமல் இரண்டு சுற்றுச் சுற்றி, தளர்வாக முடிச்சுப் போட்டான்.

"இறுக்கமாவே கட்டுங்க."

"போதும். கை நோவக்கூடாது" என்றான் எபினேசர். "மதியச் சோத்துக்கு அவுத்து உடறேன். இப்ப இடுக்கிய எடு. பீச்சாங்கையில."