ஐந்து கறுப்புக் குஞ்சுகளை எங்கே வைப்பது?

1

எல்லோரும் சௌக்கியமா? குளிர் வந்துவிட்டதே, முழங்கால்களெல்லாம் எப்படி இருக்கின்றன? கோழிகள் இறகு உதிர்த்து முடித்தாயிற்றா? எனக்கு இருமலைத் தவிர வேறு குறையில்லை.

நம் கோழி வளர்ப்போர் சங்க மடலில் இந்தப் பக்கத்தை இத்தனை வருஷமாக நான்தான் நிரப்புகிறேன். கோழிப் பேனுக்கு என்ன மருந்து, குளிருக்கு என்ன தீனி என்று எழுதியே காலம் போயிற்று. இந்த மாதம் ஆசிரியர், "மாறுதலுக்கு ஒரு கதை குடுங்களேன்" என்றார். என்னிடம் ஒன்று இருந்தது. ஏப்ரலிலிருந்து வயிற்றில் கல்லாகக் கிடக்கிறது. கற்பனை என்று மேலே போட்டுவிட்டு இறக்கி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு ஊரில் ஒரு பெண் இருந்தாள். கோழியின் நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள் என்று ஊரே, இல்லை, அவளே—

(நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் நான்தான்.)

மார்த்தா என்பவள் லாவண்டர் என்னும் வெளிர்சாம்பல் நிறத்தில், பஞ்சு இறகுள்ள சில்க்கி கோழிகள் வளர்த்து வந்தாள்—

(இதுவும் ஆகாது. நம் சங்கத்தில் லாவண்டர் சில்க்கி வைத்திருப்பது ஒரே ஒருத்தி. மார்த்தா என்று போட்டால் மட்டும் ஹெசீனா என்று உங்களுக்குத் தெரியாதா?)

2

சரி, ஹெசீனா என்றே இருக்கட்டும்.

இந்த நிறத்துக்காகப் பதினோரு வருஷம் பாடுபட்டாள். நம் விதி உங்களுக்குத் தெரியும்: புது நிறத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால், அந்தந்த வருஷம் பொரித்த நாலு கோழிகளை அடுத்தடுத்து இரண்டு வருஷக் கண்காட்சிகளில் வைத்துத் தேற வேண்டும். போன வருஷம் தேறிவிட்டாள். இரண்டாவது, வருகிற சனிக்கிழமை. தவறினால் மறுபடி முதலிலிருந்து இரண்டு வருஷம். அவளுக்கு எண்பத்தொன்று நடக்கிறது.

3

இனி என் பங்கு.

ஏப்ரல் தொடக்கத்தில் ஹெசீனாவுக்கு இடுப்பு ஆபரேஷன், மாதம் முழுக்க ஆஸ்பத்திரி வாசம். கோழிகளை நான் பார்த்துக்கொண்டேன். "மஞ்சள் வளையம் போட்ட சேவல பெட்டைங்களோட விடு, மறந்துடாதடி" என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூடச் சொன்னாள். சில்க்கிக்குக் கால் முழுக்கப் பஞ்சு. வளையத்தைத் தேட வேண்டும் என்றால் குனிய வேண்டும், கண்ணாடி வேண்டும். கண்ணாடி வீட்டில். நமக்குத் தெரியாத நிறமா என்று கண்ணாலேயே பார்த்து ஒரு சேவலைத் தூக்கி உள்ளே விட்டேன்.

அது லாவண்டர் இல்லை. வெளிர்நீலம்.*

* புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: மற்றக் கோழிகளில் நீல இறகின் ஓரத்தில் கரைபோல ஒரு கோடு தெரியும், லாவண்டரில் தெரியாது. சில்க்கிக்கு இறகே பஞ்சு. கரைக்கு எங்கே போவது? தலைதான் ஒரே அடையாளம். நீலத்துக்கு உடம்பைவிடத் தலை கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். சந்தேகம் தீரக் குஞ்சு பொரித்துப் பார்க்க வேண்டும். லாவண்டரும் லாவண்டரும் சேர்ந்தால் எல்லாம் லாவண்டர். நடுவில் நீலம் புகுந்தால் கறுப்பு எட்டிப் பார்க்கும்.

எட்டிப் பார்த்தது. ஒன்பது முட்டையும் பொரித்தன: நாலு சாம்பல் (பார்க்க லாவண்டர், உள்ளே நீலம்), ஐந்து கறுப்பு. ஹெசீனா ஊன்றுகோலோடு வீடு திரும்ப இரண்டு நாள் இருந்தது. ஐந்தையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கால்வாய்க்கு அந்தப் பக்கம், மாட்டுப் பண்ணை வெஸ்ஸலிடம் கொடுத்துவிட்டேன்.

சேவலை மாற்றி விட்டது பிசகு. பெட்டியில் போட்டது பிசகு இல்லை. அதற்கு வேறு பெயர் உண்டு. எழுதக் கை வரவில்லை.

4

நேற்று ஹெசீனாவின் சமையலறையில் கண்காட்சிக் குளியல். மூன்று தொட்டிகள்: ஒன்றில் குழந்தை ஷாம்பு, ஒன்றில் வெறும் வெந்நீர், ஒன்றில் கொஞ்சம் வினிகர். நான் பிடித்துக்கொள்ள, அவள் தேய்த்தாள். அந்த நாலும்தான். இந்த வருஷத்துக் குஞ்சு வேறு கிடையாது.

மூன்றாவது, ஒரு இளஞ்சேவல். ஹேர் டிரையர் சூடு பட்டதும் கண்ணை மூடித் தூங்கிவிட்டது. ஹெசீனா அதை அப்படியே ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போனாள்.

"ஹில்லி, இங்க வாடி. இதோட தல உடம்ப விட ஒரு சாயல் அழுத்தமா இருக்கா?"

"ஈரம் இன்னும் காயலடி."

"தலையத்தான் மொதல்ல காய வச்சேன்."

"அப்ப உன் கண்ணுலதான் கோளாறு. ஆபரேஷன் இடுப்புல பண்ணாங்களா, கண்ணுல பண்ணாங்களா?"

அவள் சிரிக்கவில்லை.

"அந்தத் தடவ எத்தன முட்ட வச்ச?"

"ஒம்போது."

"பொரிச்சது?"

"நாலு. மிச்சமெல்லாம் கூமுட்ட. அப்பவே சொன்னேனே."

"அஞ்சு கூமுட்டையா? என் கோழிங்க அப்படி வச்சதே இல்லையே."

"நீ பக்கத்துல இல்லாத ஏக்கமா இருக்கும்."

5

இந்த இடத்தில் வெஸ்ஸல் வருகிறான். கதைக்கு வேண்டிய நேரத்தில் ஆள் கதவைத் தட்டினால் யார் நம்புவார்கள் என்று இரண்டு வரைவுகளில் அவனை எடுத்துவிட்டேன். ஆனால் வந்தானே, நான் என்ன செய்ய? கண்காட்சிக்கு முன்கூட்டியே போகும் காலிக் கூண்டுகளை வண்டியில் ஏற்ற ஹெசீனா அவனைக் கூப்பிட்டிருந்தாள்.

"என்னக்கா, பியூட்டி பார்லரா நடத்துறீங்க? அப்படியே எனக்கும் தலைக்கு ஷாம்பு போட்டு விடுங்க."

"போட அங்க என்னடா இருக்கு?" என்றாள் ஹெசீனா.

அவன் வழுக்கையைத் தடவிச் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான். "ஹில்லியக்கா, அந்தக் கருப்புங்க இருக்கே, முட்ட—"

"வெஸ்ஸல்! இந்தா, பிஸ்கட் எடு."

"இல்லக்கா, என்ன சொல்ல வந்தேன்னா—"

"ரெண்டா எடு. வாய் நெறைய போட்டுக்கோ."

அவன் என்னைப் பார்த்தான், ஹெசீனாவைப் பார்த்தான். பிஸ்கட்டை மென்றபடி கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

"எந்தக் கருப்பு?" என்றாள் ஹெசீனா.

"அவன் மாட்டச் சொல்றான்."

"மாடு முட்ட போடுதா?"

நான் நாலாவது கோழியைத் தொட்டியில் முக்கினேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குப் பயம்.

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

நான் வாயே திறப்பதில்லை. நடுவர் தேறிற்று என்றுவிடுகிறார். வசந்தத்தில் ஆளாளுக்கு ஹெசீனாவிடம் முட்டை வாங்கிப் போகிறார்கள், வீட்டுக்கு வீடு கறுப்புக் குஞ்சு பொரிக்கிறது. ஏமாற்றுக்காரி என்ற பெயர் எனக்கு வராது. அவளுக்கு வரும்.

இரண்டாவதில் நான் நடுவருக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம்— (சீ.)

மூன்றாவதில் ஹெசீனாவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. என் கையைப் பிடித்து, "போகட்டும் விடுடி" என்கிறாள். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

7

நேரில் சொல்ல ஐந்து தடவை போனேன். ஐந்து தடவையும் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். எழுதத்தான் எனக்கு வருகிறது.

இன்று வியாழன். சாயங்காலம் ஆசிரியர் மடலை அச்சடிப்பார்; நாளை ராத்திரி வீட்டுக்கு வீடு போடுவார். இந்தப் பக்கத்தைத் தனித்தாளாக அடிக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பிரதியை நாளை காலை நானே ஹெசீனாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். கண்காட்சியிலிருந்து கோழிகளை விலக்கிக்கொள்ள நாளை மாலை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. இந்தத் தாள் வேண்டாம் என்று அவள் சொன்னால் மடலில் வைக்க மாட்டோம்.

ஆகவே, இது உங்கள் கைக்கு வந்திருந்தால், அவள் வைக்கச் சொல்லியிருக்கிறாள் என்று அர்த்தம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. என்னோடு பேசுகிறாளா, தெரியாது. சனிக்கிழமை போனால் லாவண்டர் என்று எழுதிய நாலு கூண்டுகள் வரிசையாக இருக்கும். உள்ளே கோழி இருக்கிறதா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் எதையாவது பெட்டியில் போட்டு அடுத்த வீட்டுக்குக் கடத்தியிருப்பீர்கள். யாரிடமிருந்து மறைத்தீர்கள், எப்போது சொன்னீர்கள், சொன்ன பிறகு அந்த ஆள் என்ன சொன்னார்? எனக்கு எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது கட்டாயம் பதில் போடுங்கள்.