நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

தில்லி முனிர்காவில் கூடும் அந்த வாசகர் வட்டத்தில், ஒரு புத்தகம் வந்ததும் முதலில் அதை அறுப்பார்கள்.

கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். காரணத்தைச் சொன்னால் சமாதானமாகிவிடுவார்கள். வட்டத்தில் ஐந்தே பேர். பேய்க்கதை, மாயாஜாலக் கதை, விண்வெளிக் கதை தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். அந்த மாதிரி நாவல் தமிழில் புதிதாக வந்தால், சென்னையிலிருந்து வருகிறவர் யாராவது ரயிலில் ஒரு பிரதி கொண்டுவந்து தருவார். இருப்பது ஒரு பிரதி, படிக்க ஒரு மாதம். அதிலும் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த அபிஷேக்குக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. அதனால் புத்தகத்தை மூன்று துண்டாக்கி, மூன்று பேர் ஆளுக்கொரு துண்டை வாய்விட்டுப் படித்து, வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போடுவார்கள். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சேஷன் வீட்டில் கூடி, கதை எப்படி என்று பேசுவார்கள்.

அறுக்கும் வேலை சேஷனுடையது. மத்திய அரசில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முறைப்படி செய்கிறவர். புத்தகத்தைக் கண்ட இடத்தில் வெட்டினால் தாள் தாளாக உதிர்ந்துவிடும். ஒரு பெரிய தாளை மடித்து மடித்துப் பதினாறு பக்கமாக்கி, அப்படிப்பட்ட கட்டுகளை நூலால் தைத்துச் சேர்த்ததுதான் புத்தகம். ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவே கத்தியை விட்டால் பசைதான் அறும், தையல் அப்படியே நிற்கும். ஏழு கட்டு ஒரு துண்டு என்று அவர் வைத்திருந்தார். ஆகவே எந்தப் புத்தகமானாலும் முதல் துண்டு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு நின்றுவிடும், வாக்கியம் பாதியில் தொங்கினாலும் சரி. துண்டுக்கு ஒரு கிளிப்பு போட்டு, புத்தகவாரியாக அடுக்கிவைப்பார். முதல் துண்டு கவிதாவுக்கு. ஈரோட்டுப் பெண், பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. நடுத்துண்டு மெட்ரோவில் பாதுகாப்புப் பணியில் இருக்கும் ராஜவேலுக்கு. கடைசித் துண்டு சேஷனின் மனைவி ருக்மிணிக்கு.

ராஜவேல் மற்றவர்களின் பதிவைக் கேட்பதே இல்லை. எந்தக் கதைக்கும் அவருக்குத் தலையும் தெரியாது, காலும் தெரியாது. ருக்மிணிக்கு முடிவு மட்டும் தெரியும். மாதாமாதம் யாரோ யாரையோ மன்னிப்பதைப் படிப்பேன், என்ன தப்பு செய்தார்கள் என்று மட்டும் தெரியாது என்பாள். அறுப்பதற்கு முன்பே முழுசாகப் படித்துவிடுகிற ஒரே ஆள் சேஷன்தான்; அதனால் அவரும் பதிவுகளைக் கேட்பதில்லை.

அந்த மாதம் பேய்க்கதை. சேஷனுக்கு அது வெறும் நாவலாக இல்லை. சில வாரங்களுக்கு முன் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போனவர் மெட்ரோவில் வீடு திரும்பினார். ஸ்கூட்டர் நினைப்பே இல்லை. மறுநாள் ருக்மிணி கேட்டபோதுதான் உறைத்தது. டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொன்னதிலிருந்து அவருக்குள் ஒரு பயம். கடைசியில் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த நாவலை ஓரிடம் விடாமல் சொல்லிவிட்டால் டாக்டர் வேண்டாம், தடுமாறினால் போய்விடலாம். ருக்மிணியும் ஒப்புக்கொண்டாள்.

ஞாயிறு மாலை எல்லாரும் வந்தார்கள். வெளியே புகைமூட்டம். ஜன்னலை அடைத்து, ஹீட்டரைப் போட்டு, ருக்மிணி காப்பியும் மொறுமொறு மட்ரியும் கொண்டுவந்து வைத்தாள். யார் முதலில் பேசுவது என்று கேட்பதற்குள் அபிஷேக் ஆரம்பித்துவிட்டான். வழக்கமாக மூலையில் உட்கார்ந்து தலையாட்டுகிற பையன்.

"அங்கிள், நான் இதுவரைக்கும் கேட்டதுலயே இதுதான் பெஸ்ட். மத்லப், அதாவது, ஒரு பழைய பங்களா, மாடில யாரோ நடக்கிற சத்தம். சரி, நார்மல் பேய்னு நினைச்சேன். கதவைத் தொறந்தா ஸ்பேஸ். அங்க காத்தே இல்ல. யார் இப்படி யோசிப்பா?"

சேஷன் காப்பியை உதட்டருகே வைத்தபடி அவனைப் பார்த்தார். பையன் ஏதோ உவமை சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். ஆனால் அவன் நிறுத்தவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பூமி நீல உருண்டையாகத் தெரிந்ததையும், தனியாக இருந்தவன் சுவரில் வளர்த்த வெங்காயத்தோடு பேசியதையும், வெளிச்சுவரை யாரோ தட்டியதையும் சொன்னான். கீழே கேட்ட காலடிச் சத்தமும் மேலே கேட்ட தட்டலும் ஒன்றுதான், அந்த ஆள் தன்னைத்தானே பேயாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பது அவன் கட்சி.

கவிதா அதை ஒப்புக்கொள்ளவில்லை. சேஷனுக்கு அரைநொடி உயிர் வந்தது. அவளோ, மாடி என்பதே மரணத்துக்குப் பிந்தைய இடம், அதனால்தான் காற்று இல்லை என்று வேறு விளக்கம் கொடுத்தாள். வெங்காயம் வாடிப்போன இடத்தில் அழுதேனுங்க என்றாள்.

சேஷன் ருக்மிணியைப் பார்த்தார். எனக்குக் கடைசி மட்டும்தானே தெரியும் என்பதுபோல அவள் கையை விரித்தாள். ராஜவேலைக் கேட்டதற்கு, ஆமா சார், வெங்காயம் நான் படிச்சதுதான் என்றார்.

வெங்காயம். சேஷன் மனசுக்குள் துழாவினார். அவருக்கு நினைவிருந்தது வேறு. மாடிக் கதவைத் தள்ளினால் தரையெல்லாம் சாவிகள். அந்த வீட்டைக் காலிசெய்து போனவர்கள் ஒவ்வொருவரும் விட்டுப்போனவை. ஒரு சாவிக்கு ஒரு ஜோடிக் காலடிச் சத்தம். யாராவது திரும்பி வந்து தன் சாவியை எடுத்துக்கொண்டால் ஒரு சத்தம் குறையும். பேய்க்கும் ஒரு விதி வேண்டும், விதி இருந்தால்தான் பயம் நிற்கும் என்று நினைப்பவருக்கு அந்த நாவலிலேயே பிடித்த இடம் அது. அதை இன்றைக்கு விளக்கமாகச் சொல்லவேண்டும் என்று காலையிலிருந்து காத்திருந்தார். இப்போது மெதுவாக, ஒவ்வொரு சாவியாகச் சொன்னார்.

சொல்லி முடித்ததும், அப்படி ஒன்று வரவே இல்லையே அங்கிள் என்றான் அபிஷேக், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதைதான் அவரைக் கலக்கியது.

"ராஜவேல், உங்க துண்டு கையில இருக்கா?"

படித்த துண்டைத் திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்தார் ராஜவேல். சேஷன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். நூற்றுப் பதின்மூன்று. 'காற்றே இல்லை. கண்ணாடிக்கு அப்பால் பூமி.' அவர் மேசையில், அவர் கத்தியால் அறுத்த பக்கம். கவிதா தன் துண்டின் கடைசி வரியையும் படித்துக் காட்டினாள்: 'மாடிக் கதவைத் தள்ளினேன். அங்கே'. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின.

ஆக, சாவிகள் எங்கிருந்து வந்தன? அவராகவே கட்டிக்கொண்டதா? ஸ்கூட்டரை மறந்தது ஒரு மாதிரி. இல்லாத ஒன்றை, தரையில் விழுந்த வெளிச்சம்வரை நினைவு வைத்திருப்பது வேறு மாதிரி. மறதிக்காவது பெயர் உண்டு, இதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. ருக்மிணி வந்து அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். காப்பி ஆறியிருந்தது.

அடுத்த மாதத் துண்டுகளைக் கொடுத்தால் கிளம்புகிறோம் என்றாள் கவிதா. அது விண்வெளி நாவல். இதே பதிப்பகம், இதே ரயிலில் வந்தது. வழக்கத்துக்கு மாறாக, சேஷன் இதை இன்னும் படிக்கவில்லை. ஆனால் கத்தி வெளியே இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று இரண்டையும் ஒரே மத்தியானத்தில் அறுத்து வைத்திருந்தார். ருக்மிணி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ராஜவேல் தன் பங்கைப் பிரித்து, குரல் சரிபார்க்கிறவர்போல முதல் வரியை வாய்விட்டுப் படித்தார்.

"தரையெல்லாம் சாவிகள் கிடந்தன. துருப்பிடித்தவை, புதியவை..." நிறுத்தினார். "சார், ராக்கெட்ல எதுக்கு சார் இத்தன சாவி?"

சேஷன் எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு, இரண்டு நாவல்களின் நடுத்துண்டுகளும் இடம் மாறிவிட்டதை அவரே எல்லாருக்கும் விளக்கினார். ஒரே பதிப்பகமானதால் தாளும் எழுத்தும் ஒன்று. பக்கத் தலைப்பில் நாவலின் பெயர் போடவில்லை. அத்தியாயத்துக்கு எண் இல்லை. இரண்டிலும் 'நான்' என்று ஒருவனே கதை சொல்கிறான், பெயர் வரவில்லை. இரண்டையும் ஏழு ஏழு கட்டாக அறுத்ததால் நடுத்துண்டு இரண்டிலும் நூற்றுப் பதின்மூன்றில் ஆரம்பித்து ஒரே பக்க எண்ணில் முடிகிறது. இடம் மாறினால் கண்டுபிடிக்க வழியே இல்லை. விண்வெளித் துண்டின் கடைசி வரி, 'கீழே இறங்கும் நேரம் வந்தது. நான்'. ருக்மிணியின் முதல் வரி, 'படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்'. சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. கவிதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ரெண்டு வருஷமா நடுவுல நடுவுல படிச்சதுக்கு இன்னைக்குத்தான் சார் பிரயோஜனம் என்றார் ராஜவேல்.

அபிஷேக் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"அச்சா. ஆனா அங்கிள், சாவி கதையவிட எங்க கதைதான் நல்லா இருக்கு."

அப்படியானால் இப்போது எது நாவல் என்று கவிதா கேட்க, அதற்கு ஒரு முடிவும் எட்டாமலே மூவரும் படியிறங்கிப் போனார்கள்.

சேஷன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பாத்தியா, ஒரு சாவி விடாம சொன்னேன்."

"சொன்னேள். கிளிப்பு போட்டு அடுக்கினது யாரு?"

அவர் உட்கார்ந்தார். படித்தது அத்தனையும் நினைவிருக்கிறது. மாற்றி வைத்ததோ அவர் கைதான். பரீட்சையில் தேறினாரா, தோற்றாரா? அந்த மத்தியானத்தை நினைத்துப் பார்த்தார். கத்தி, பசை பிரிகிற சத்தம், விரலில் ஒட்டிய நூல் எல்லாம் வந்தன. கிளிப்பு போட்டு அடுக்கியது மட்டும் வரவில்லை.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? கை பாட்டுக்குப் பண்ணும். நீ அப்போ காப்பி போட்டியே, அடுப்பை அணைச்சது ஞாபகம் இருக்கா?"

ருக்மிணி யோசித்தாள். இன்னும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அணைச்சுத்தான் இருக்கு."

"ஞாபகம் இருந்ததா?"

"இல்லை."

சேஷன் எழுந்து ஹீட்டரின் சுவிட்சை அணைத்தார்.

"அப்போ டாக்டர்கிட்ட ரெண்டு பேருமா போயிட்டு வரலாமா?" என்றார் சேஷன்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு ஒழியும்" என்றாள் ருக்மிணி.